சேலை கட்டிய மீன் பற்றி ஒரு விளக்கம்

லேக் கார்டன்ஸ்,
கல்கத்தா.
தை மாதக் கடைசி, செவ்வாய்க்கிழமை.

பாளையங்கோட்டை, மரியாதைக்குரிய பரமசிவம் அண்ணாச்சி அவர்கள் சமுகத்துக்கு, சிவராமகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

'சம்பந்தி அவர்களுக்கு' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்றைய நிலைமையில் அப்படி எழுதலாமா என்று சந்தேகம் வந்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு 'மரியாதைக்குரிய' என்று ஆரம்பித்திருக்கிறேன். நெல்லையப்பர் காந்திமதி அருளால் இங்கே நானும் காமுவும் பத்மஜாவும் சுகம். என் முழங்கால்கள் மட்டும் இன்னும் ஊர் திரும்பவில்லை. தாங்களும் மதினி விஜயலட்சுமி அவர்களும் சுகமாயிருப்பீர்கள், தங்கள் ரத்த அழுத்தமும் டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டிருக்கும் என்று நம்புகிறேன். மேற்கொண்டு படிக்கும்போது அது கொஞ்சம் ஏறுகிற மாதிரி இருந்தால், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் தொடருமாறு வேண்டிக்கொள்கிறேன்.

நான் போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எடுக்காத போனைத் திரும்பத் திரும்ப அடித்தது என் பிசகுதான். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நல்லது கெட்டது பேசிக்கொள்ள வைத்திருந்த வாட்சப் குரூப்பில் 'பரமசிவம் வெளியேறினார்' என்று வந்ததைப் பார்த்ததிலிருந்து காமு தன் போனையே தொடுவதில்லை, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். நல்லவேளையாக மதினி என் போனில் கூப்பிட்டு அவளிடம் பேசினார்கள். "அவுக ரெண்டே ரெண்டு கேள்விதான் கேக்காவ மதினி. அந்த மீனுக்குச் சேலை கட்டினது யாரு? அதைத் தூக்கி வச்சிக்கிட்டு எம் புள்ள எதுக்கு இளிச்சிட்டு நிக்கான்?" என்று சொன்னார்களாம். நியாயமான கேள்விகள். ஏழு தலைமுறையாக முட்டைகூட வாசல்படி ஏறாத சைவக் குடும்பத்தில், பிள்ளையைப் பெண் பார்க்கக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்துவிட்டு, அவன் மூக்குத்தி போட்ட மீனைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற படம் வந்தால் எந்தத் தகப்பனும் குரூப்பை விட்டு வெளியேறத்தான் செய்வான். போனில் சொன்னால் நடுவில் தாங்கள் கோபப்படுவீர்கள், நான் உளறுவேன். அதனால்தான் எழுதுகிறேன். துறைமுகத்தில் டிராஃபிக் இலாகாவில் இருந்த காலத்தில் கப்பல் கரையில் இடித்தால்கூட எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

இதெல்லாம் தங்கள் வாயால் ஆரம்பித்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தானே விளங்கும். முதன்முதலில் பேசியபோது, பத்மஜா தினமும் விடிகாலையில் ஏரியைச் சுற்றி சைக்கிள் விடுகிறவள் என்று நான் சொன்னதும், தாங்கள் யோசிக்காமல், "அட, எங்க ஷ்யாமுக்கும் சைக்கிள்னா உசுரு" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதற்கு முன் வந்த வரன்களை எல்லாம் தலையைக்கூட நிமிர்த்தாமல் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகள், அந்த ஒரு வார்த்தைக்கு நிமிர்ந்து பார்த்தாள். அப்படியானால் பஜ்ஜி கேசரி எல்லாம் வேண்டாம், அவர் இங்கே வரட்டும், கடலோரமாகச் சைக்கிளில் போய், கூடாரம் அடித்துத் தங்கி, திரும்பி வந்தபின் பதில் சொல்கிறேன் என்றாள். இது என்ன கூத்து என்று நான் கேட்டதற்கு, "ஏசி ரூம்ல உக்காந்து காபி குடிச்சா எல்லாரும் நல்லவங்கதான்பா. ஒரு நாள் முழுக்க எதிர்க்காத்துல சைக்கிள் மிதிக்கட்டும், அப்பதான் ஆள் யாருன்னு தெரியும்" என்று பதில் வந்தது. தாங்களோ, கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைகள் தனியாகப் போவது நம் பக்கத்தில் வழக்கமில்லை, பெற்றவர்கள் கூடப் போனால் சம்மதம் என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிவிட்டீர்கள். போன பெற்றவர்கள் நாங்கள் என்பதையும், பாளையங்கோட்டையிலிருந்து யாரும் வரவில்லை என்பதையும் இந்த இடத்தில் மெதுவாகக் குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வீட்டு வாசலிலிருந்தே மிதிக்க வேண்டும் என்றவளைப் பேரம் பேசிப் பேசி சாந்த்ராகாச்சியிலிருந்து ரயில் என்று இறக்கினேன். சைக்கிள்களை லக்கேஜ் வண்டியில் ஏற்றி திகா போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஹால்தியா வரைக்கும் போவதாகத் திட்டம். காமு சைக்கிளில் ஏறமாட்டாள் என்பதால் அவளுக்கும் கூடாரத்துக்கும் ஸ்டவ்வுக்கும் சேர்த்து ஒரு டோட்டோ பேசினோம், நம் பக்கத்தில் பேட்டரி ஆட்டோ என்பார்களே, அதுதான். கூடாரத்தைவிட அவள் கொண்டுவந்த தோசைமாவுத் தூக்குவாளி கனமாக இருந்தது. ஃபிரிட்ஜில் இருந்த மாவு கடற்கரை வெயிலைப் பார்த்ததும் என்ன செய்யும் என்று முப்பத்தைந்து வருஷம் மாவரைத்தவளுக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் வெளியூரில் என்ன கிடைக்குமோ என்கிற பயம் அந்த அறிவை மறைத்துவிட்டது. சங்கர்பூர் தாண்டுவதற்குள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சீட் வழியாக இறங்கி, டோட்டோக்காரரின் முதுகைத் தொட்டது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, தொட்டு மோந்து பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். மிஞ்சின மாவில் சவுக்குத் தோப்பு ஓரமாகவே தோசை வார்த்து அவருக்கும் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த மனிதர் எங்களை விட்டு நகரவில்லை.

இனி, தங்கள் குமாரரின் சைக்கிள் உசுரு விஷயம். புது சைக்கிள், புது ஹெல்மெட், புதுக் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு கம்பீரமாகத்தான் கிளம்பினார். நேர் ரோட்டில் குறை சொல்ல முடியாது. முதல் வளைவில் ஒரு ஆடு வந்தது. ஆடு வந்தால் பிரேக் பிடிக்க வேண்டும், இவர் ஆட்டுக்கு வழிவிட்டு ரோட்டை விட்டே இறங்கி, பக்கத்தில் இருந்த இறால் வளர்க்கிற குட்டைக்குள் போய்விட்டார். காமு டோட்டோவிலிருந்து அலறிவிட்டாள். அவர் இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்று, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, "ஆழமில்லை மாமா, பயப்படாதீங்க" என்றார். விழுந்தவர் கரையில் நிற்கிறவனுக்குத் தைரியம் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். துணி உலரும்போது என்னிடம் மட்டும் ரகசியமாக விஷயத்தைச் சொன்னார். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் சைக்கிளையே தொட்டதில்லையாம். அப்பா சொல்லிவிட்டார்கள், இல்லை என்று எப்படிச் சொல்வது என்று வேலை பார்க்கிற பெங்களூரில் ஒரு சைக்கிளை வாங்கி, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் தூண்களுக்கு நடுவே ஓட்டிப் பழகியிருக்கிறார். அங்கே காற்றும் கிடையாது, ஆடும் கிடையாது. பத்மஜா இதையெல்லாம் கேட்கவில்லை. அவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, சீட்டை ஒரு விரலளவு இறக்கி முடுக்கிவிட்டு, முன்னால் போய்விட்டாள்.

அடுத்த நாளும் கடலோரத்திலேயே கழிந்தது. மணலெல்லாம் சிவப்பு நண்டு, கிட்டே போனால் மொத்தமாக வளைக்குள் மறைந்துவிடும், நகர்ந்தால் மறுபடி வரும். அவை கூடாரத்துக்குள் வந்துவிடும் என்று காமு வாசலில் உப்புக் கோடு போட்டாள். கடலில் வளர்ந்த நண்டுக்கு உப்பு எந்த மூலைக்கு. பெண்கள் இருவருக்கும் ஒரு கூடாரம், எனக்கும் தங்கள் குமாரருக்கும் ஒரு கூடாரம். அவர் குறட்டை விடுவதில்லை என்பதை ஒரு நற்சான்றாகவே எழுதுகிறேன். நான் விடுவதாகக் காமு சொல்லிக்கொண்டு திரிகிறாள். காலையில் நான் அதைப் பற்றி அவரிடம் கேட்டபோது, கடல் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்றார். கடல் அன்றைக்கு வற்றி வெகுதூரம் போயிருந்தது அண்ணாச்சி, சத்தமே இல்லை.

வியாழக்கிழமை எதிர்க்காற்று. இந்தக் காலத்தில் அங்கே வடக்கேயிருந்து அடிக்கும், நாங்கள் போக வேண்டியதும் அந்தத் திசைதான். மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. டோட்டோவுக்குப் பேட்டரி இறங்கிவிட்டது, எங்காவது வீட்டில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும் என்று காமுவோடு அது முன்னால் போக, பாஷை பேசித் தங்க இடம் கேட்க வேண்டுமே என்று பத்மஜாவும் அதோடு போய்விட்டாள். பின்னால் நானும் ஷ்யாமும் மட்டும். அண்ணாச்சி, கிதிர்ப்பூர் துறைமுகத்தில் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு சைக்கிளிலேயே சுற்றினவன் நான், அந்தப் பெருமையில்தான் கிளம்பினேன். அன்றைக்கு மத்தியானம் என் மூச்சு என்னிடம் இல்லை. ஆனாலும் சின்னப்பிள்ளை முன்னால் இறங்கி நடக்க எனக்கு மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறேன். அப்போது இவர் சட்டென்று இறங்கி, சக்கரத்தைக் குனிந்து பார்த்து, "மாமா, எனக்கு பிரேக் உரசுது. ஓட்டினா ரிம் போயிரும். உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா கொஞ்ச தூரம் நடந்துருவோமா?" என்றார். நானும், உங்களுக்காக வேண்டுமானால் நடக்கிறேன் என்று பெருந்தன்மையாக இறங்கினேன். சிறிது தூரம் போனபின் அவர் தலையைத் துடைக்கிற நேரத்தில் அந்தச் சக்கரத்தை ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. கருவாடு காய்கிற வாடைக்குள் ரெண்டு பேரும் தென்காசிச் சாரலைப் பற்றிப் பேசிக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் நடந்தோம். எனக்கு ஒரு மகன் இல்லையே என்று நான் அதிகம் நினைத்ததில்லை, அன்று நினைத்தேன்.

டோட்டோ சார்ஜுக்கு நின்ற வீடு ஜுன்புட்டுக்கு அப்பால் ஒரு சின்னக் கிராமத்தில், மாலதி மைத்தி என்கிற அம்மாளுடையது. கருவாடு உலர்த்தி விற்கிற குடும்பம். ஐம்பது வயதிருக்கும், குரல் ஊர் முழுக்கக் கேட்கும். கடற்கரையில் குளிரும், எங்கள் முற்றத்திலேயே கூடாரத்தை அடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். நாங்கள் போய்ச் சேரும்போது பத்மஜா அந்த அம்மாளை 'மாஷி, மாஷி' என்று கூப்பிட்டுக்கொண்டு சொந்தச் சித்தி வீட்டில் இருக்கிற மாதிரி வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு வங்காளிதான் வாயில் தானாக வரும், தமிழைக் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவாள். இது தங்களுக்கு முன்பே தெரிவித்ததுதான்.

மறுநாள் தை வெள்ளி. இங்கேதான் தங்கள் முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மாலதி முற்றத்தைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தார். காமு எழுந்து பார்த்தாள், பார்த்தவுடன் பரபரப்பு வந்துவிட்டது. "தை வெள்ளியும் அதுவுமா மெழுகின முத்தம் வெறிச்சுனு கெடக்கு. எனக்குக் கை நிக்க மாட்டேங்கு" என்று, ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்திருந்த கோலமாவை எடுத்து, கூடாரத்துக்கு முன்னால் பெரிய தேர்க்கோலமாகப் போட்டு, காவியும் கட்டிவிட்டாள். நமக்கு அது வெள்ளிக்கிழமைக் கோலம். வங்காளத்தில் மாவுக்கோலம் தினமும் போடுகிற சாமான் இல்லை, அண்ணாச்சி. லட்சுமி பூஜைக்குப் போடுவார்கள், கல்யாணத்துக்குப் போடுவார்கள். அவர்களுக்கு மாக மாதம், முகூர்த்தக் காலம். பூஜைக்கான சாமி எதுவும் கூடாரத்தில் இல்லை, ஒரு வயசுப் பையனும் ஒரு வயசுப் பெண்ணும் இருக்கிறார்கள், பெண்ணைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அந்த ஊர் என்ன முடிவுக்கு வரும்? அதற்குத்தான் வந்தது.

நானும் ஷ்யாமும் பஞ்சர் ஒட்டப் போயிருந்தோம். திரும்பி வரும்போது முற்றம் நிறையப் பெண்கள், சங்கு ஊதுகிறார்கள், குலவை போடுகிறார்கள், யாரோ என் தலையில் அருகம்புல் போடுகிறார்கள். இங்கே கல்யாணத்தில் பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சீர்த்தட்டு வரும். அதில் ஒரு பெரிய ருய் மீனுக்குச் சேலை உடுத்தி, மூக்குத்தி போட்டு, வாயில் வெற்றிலை வைத்து, மணப்பெண் மாதிரி ஜோடித்து அனுப்புவது அவர்கள் சம்பிரதாயம். கல்கத்தாவில் எத்தனையோ கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன், தூரத்திலிருந்து. இந்தக் கல்யாணத்தில் பிள்ளை வீட்டார் யாருமே வரவில்லையே, பாவம், இந்தப் பையன் தனியாக நிற்கிறானே என்று மாலதிக்கு மனசு கேட்கவில்லை. அதனால் மைத்தி குடும்பமே பிள்ளை வீட்டாராக ஆகிவிட்டது. சொந்தக் குளத்தில் வலை போட்டு, இருந்ததில் பெரிய மீனாகப் பிடித்து, தன் சேலையிலிருந்து சிவப்புத் துண்டு கிழித்துக் கட்டினது அந்த அம்மாள்தான். அதாவது அண்ணாச்சி, தாங்கள் செய்ய வேண்டிய சீரைத் தங்களுக்குப் பதிலாக அவர்கள் செய்தார்கள். தாங்கள் கோபப்பட வேண்டுமானால் அந்த இடத்தில் தாங்கள் இல்லாததற்குத்தான் கோபப்பட வேண்டும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

இரண்டாவது கேள்வி, சிரிப்பு. மீன் சுளகில் வந்தது. பிள்ளை வீட்டு ஆள் கையால்தான் பெண் வீட்டில் கொடுக்க வேண்டும் என்று சுளகை ஷ்யாம் கையில் வைத்துவிட்டார்கள். அவர் தொட்டது சுளகை, மீனை அல்ல. இதை நான் எந்தச் சந்நிதியிலும் சொல்லத் தயார். மாலதி என்னவோ அவரிடம் சொன்னார், நான் வேலி ஓரத்தில் நின்றதால், சங்குச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் காமு படம் எடுத்தாள். அவள் எடுத்தது கோலத்தை. மதினிக்குத் தன் தேர்க்கோலத்தைக் காட்ட வேண்டும் என்கிற ஆசையில் எடுத்து, கோலத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, 'தை வெள்ளி வாழ்த்துக்கள்' என்று போட்டு குரூப்பில் அனுப்பிவிட்டாள். ஷ்யாம் கிழக்கே பார்த்து நின்றார் என்று நினைக்கிறேன். காலை வெயில் கண்ணில் அடித்தால் யாருக்கும் வாய் கொஞ்சம் அகலும், படத்தில் அது சிரிப்பாகத் தெரியும். ஓரத்தில் தெரிகிற கை பத்மஜாவுடையது. சுளகைச் சாயாமல் பிடிக்கச் சொல்லி அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

நான் உடனே மாலதியைத் தனியாக அழைத்து, கல்யாணம் எதுவும் இல்லை, இது எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை வழக்கம், பெண் இன்னும் சம்மதமே சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்த துறைமுக வங்காளியில் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, சரி தாதா" என்று என்னை அண்ணனாக்கிச் சொல்லி என் கையில் இன்னும் கொஞ்சம் பொரியும் வெல்லமும் போட்டார். மீனை அந்த ஊரார் சமைத்துக்கொண்டார்கள். நாங்கள் பொரிதான் சாப்பிட்டோம், டோட்டோக்காரர் மட்டும் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்தார். பிறகு ரசூல்பூர் ஆற்றைப் படகில் தாண்டி, கேஜுரி வழியாக ஹால்தியா போய்ச் சேர்ந்தோம். ஷ்யாம் மறுபடி ஒரு முறை மட்டும் விழுந்தார், அது தரையில்தான்.

ஊர் திரும்பியாகிவிட்டது. பத்மஜா இன்னும் பதில் சொல்லவில்லை. அவளை நெருக்கக்கூடாது என்று நானும் காமுவும் ஒன்றும் கேட்காமல், அவள் சாப்பிடும்போது முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முகத்தில் எதுவும் தெரியவில்லை. சைக்கிள் விடத் தெரியாத பிள்ளையை சைக்கிள் விடத் தெரிந்தவள் எப்படி ஏற்பாள், வேண்டாம் என்பதை எங்களிடம் சொல்லத் தயங்குகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே தாங்கள் மீனைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டீர்கள், இங்கே இவள் வாய் திறக்கவில்லை. ஆகவே இந்தச் சம்பந்தம் இத்தோடு நின்றது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படியானால் ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். தங்கள் பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவன் எனக்கு மருமகனாக வராமல் போனால் நான் வருத்தப்படுவேன். அவனை அந்தப் படத்தை வைத்துத் திட்டாதீர்கள், எந்தத் தப்பும் அவன் மேல் இல்லை, எல்லாம் ஒரு கோலத்தால் வந்தது.

ஷ்யாமுக்கு என் ஆசீர்வாதம், நல்ல இடத்தில் நல்ல பெண்ணாக அமைந்து, ஆடு குறுக்கே வராத ரோட்டில் அவன் வாழ்க்கை போகட்டும். மதினிக்கு எங்கள் இருவர் வணக்கமும். தங்கள் கோபம் தணிந்தபின் ஒரு வரி போட்டால் போதும், அதற்கும் பதில் எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிவராமகிருஷ்ணன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறைக்குள் போட்டுப் பசை தடவும்போது மாலதி மைத்தி போன் செய்தார். கல்யாணத் தேதி வைத்தாகிவிட்டதா, பிள்ளை வீட்டார் நாங்கள் வர வேண்டாமா, இப்போதே டிக்கெட் எடுத்தால்தானே கிடைக்கும் என்றார். அம்மா, அது கோலத்தால் வந்த குழப்பம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றேன். கோலம் மறுநாள் காலையில்தானே போட்டது தாதா, எனக்கு முந்தின நாள் சாயங்காலமே தெரியுமே என்கிறார். நானும் ஷ்யாமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு தூரத்தில் வரும்போதே, யார் அது என்று அவர் பத்மஜாவிடம் கேட்டிருக்கிறார். அதற்கு இவள் சொன்னதை அந்த அம்மாள் அப்படியே திருப்பிச் சொன்னார். "எங்க அப்பாவுக்காக நடந்து வராரே, அவர்தான் மாஷி என் மாப்பிள்ளை. அவருக்கு இன்னும் தெரியாது."

பத்மஜா பால்கனியில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த விஷயத்தை ஒரு கருவாட்டு வியாபாரியிடம் வங்காளியில் சொன்னவள், பெற்ற எங்களிடம் தமிழில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்லையேப்பா. மாஷி கேட்டாங்க, சொன்னேன்" என்கிறாள். ஷ்யாமுக்காவது தெரியுமா என்றேன். சுளகைக் கையில் கொடுக்கும்போது மாஷி அதையேதான் சொன்னாராம், என்ன சொல்கிறார்கள் என்று அவர் கேட்டாராம், இவள் காதில் தமிழில் சொன்னாளாம். அதைத் தங்களிடம் சொல்லத்தான் அவரும் தினமும் கூப்பிடுகிறாராம். வாயைத் திறந்தாலே தாங்கள் மீனைப் பற்றிக் கேட்கிறீர்களாம்.

கல்யாணத்துக்கு மைத்தி குடும்பம் கட்டாயம் வருகிறது. பிள்ளை வீட்டார் வரிசையில் அவர்களுக்குத் தங்கள் பக்கத்தில் இடம் போட வேண்டும். தயவுசெய்து மீன் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். "சரி, சரி தாதா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது எனக்குத் தெரியும், தாங்களும் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

கடிதத்தை மறுபடி எழுத என் முழங்கால்கள் மட்டுமல்ல, கையும் இடம் கொடுக்கவில்லை. அதனால் நடுவில் உள்ளதை விட்டுவிட்டு, முதல் வரியில் 'மரியாதைக்குரிய' என்பதை அடித்து, 'சம்பந்தி' என்று தங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை அழித்திருந்தால் சொல்லுங்கள், திரும்ப அனுப்புகிறேன். நான் இப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஷ்யாமின் நிழல் முன்னால் கோலத்தின் மேல் விழுந்திருக்கிறது, வெயில் கண்ணில் இல்லை, முதுகில்தான் அடிக்கிறது.